ஒரு கோப்புறைக்கு இரண்டு முகவரிகள் இருக்கலாமா?

கணினியில் உள்ள கோப்புறைகள் ஒரு மரத்தைப் போல அமைந்துள்ளன. வேரிலிருந்து கிளைகள் பிரிகின்றன. கிளைகளின் நுனியில் இலைகளாகக் கோப்புகள் இருக்கின்றன. எந்தக் கிளையும் ஒரே ஒரு தாய்க்கிளையிலிருந்துதான் பிரிய முடியும். இவ்விதி ஏன் தேவைப்பட்டது?

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு. கோப்புறை என்பது பெயர்களையும் அவற்றுக்குரிய எண்களையும் கொண்ட ஒரு பட்டியல்தான். எனவே, ஒரே கோப்புக்கு இரண்டு கோப்புறைகளில் இரண்டு பெயர்களைச் சூட்டலாம். இதனை வன் இணைப்பு என்பர். ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்பதைக் கணினி எண்ணி வைத்திருக்கும். எல்லாப் பெயர்களும் நீக்கப்பட்டு எண்ணிக்கை சுழியமானால், அந்தக் கோப்பு இருந்த இடம் விடுவிக்கப்படும்.

கோப்புக்குப் பயன்படும் இவ்வசதியைக் கோப்புறைக்கும் வழங்கினால் என்ன நேரும்? ‘பள்ளி’ என்னும் கோப்புறைக்குள் ‘அறிவியல்’ என்னும் கோப்புறை இருப்பதாகக் கொள்வோம். ‘அறிவியல்’ கோப்புறைக்குள் மீண்டும் ‘பள்ளி’யையே இணைத்துவிட்டால், மரம் வளையமாகிவிடும். கோப்புறையின் அளவைக் கணக்கிடும் நிரல் பள்ளிக்குள் நுழையும், அறிவியலுக்குச் செல்லும், மறுபடியும் பள்ளிக்குள் நுழையும். செக்குமாட்டைப் போல அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. வெளியிலிருந்து ‘பள்ளி’யைச் சுட்டும் பெயரை ஒருவர் நீக்கிவிடுகிறார். ஆயினும், ‘அறிவியல்’ அதனை இன்னமும் சுட்டிக்கொண்டிருப்பதால் எண்ணிக்கை சுழியமாகாது. கணினி அந்த இடத்தை விடுவிக்காது. பயனர் அங்குச் செல்லவும் வழியில்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டப்பட்ட வீட்டைப் போல, அதிலுள்ள தரவுகள் யாருக்கும் எட்டாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு கோப்புறையிலும் அதன் தாய்க் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி உண்டு. தாய்க் கோப்புறைகள் இரண்டாக இருந்தால், அந்தப் புள்ளிகள் எதனைக் குறிக்கும்?

புதிய இணைப்பு வளையத்தை உண்டாக்குமா என்று முன்கூட்டியே சோதிக்கலாமே எனத் தோன்றலாம். மரத்தில் மேலே செல்ல ஒரே வழிதான். எனவே, சோதனை எளிது. தாய்க் கோப்புறைகள் பலவானால் வழிகளும் பலவாகும். சோதனை நடக்கும் வேளையில் வேறொரு நிரல் கோப்புறைகளை இடம் மாற்றவும் கூடும்.

இக்காரணங்களால், லினக்ஸ் கோப்புறைகளுக்கு வன் இணைப்பை அனுமதிப்பதில்லை. அதற்கு மாற்றாகக் குறியீட்டு இணைப்பு பயன்படுகிறது. இது கோப்புறையை நேரடியாகச் சுட்டாது; அதன் முகவரியை மட்டும் எழுதி வைத்திருக்கும். இது எண்ணிக்கையில் சேராது. நிரல்களும் இதனை எளிதில் அடையாளம் கண்டு, தேவையில்லை எனில் பின்தொடராமல் விட்டுவிடலாம். ஆனால், அந்தக் கோப்புறை நீக்கப்பட்டால் இணைப்பு பயனற்றுப் போகும்.

விதிவிலக்கும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2007இல், ‘டைம் மெஷின்’ என்னும் காப்புநகல் வசதிக்காகக் கோப்புறை வன் இணைப்பைக் கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது. மாற்றமடையாத கோப்புறைகளை மீண்டும் நகலெடுக்காமல், பழைய நகலுடன் இணைத்தாலே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு காப்புநகலும் முழுமையானதாகத் தோன்றியது, இடமும் மிச்சமானது. எனினும், 2017இல் மேக் கணினிகளுக்கு அந்நிறுவனம் கொண்டுவந்த புதிய கோப்பு முறைமையில் இவ்வசதி இடம்பெறவில்லை.

ஒரு வசதியைச் சேர்ப்பதற்கு முன், அதனை நம்பி இயங்கும் பிற நிரல்கள் என்னவாகும் என்று வடிவமைப்பாளர் சிந்திக்க வேண்டியுள்ளது. பயனருக்குக் கிடைக்கும் சிறு வசதியைவிட, சேமித்த தரவு தொலையாமல் இருப்பதே முதன்மையானது.

சிந்தித்து விடை எழுதுக
1. பெயர்களின் எண்ணிக்கை சுழியமாகாததால் ஏற்படும் சிக்கலை உன் சொந்த நடையில் விளக்குக.
2. வன் இணைப்புக்கும் குறியீட்டு இணைப்புக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகளை எழுதுக.
3. பயனருக்கு முழுச் சுதந்திரம் வழங்குவது எப்போதும் நன்மை தருமா? காரணத்துடன் உன் கருத்தை எழுதுக.