சோதனையில் சிறுமலர்

மனம் வறண்டு செபம் கசக்கும் வேளையில், விசுவாசமே போய்விட்டதோ என்று நாம் அஞ்சுகிறோம். சிறுமலராம் புனித குழந்தை தெரேசாளின் வாழ்வு இதற்கு விடை தருகிறது.

1888-ல், தம் 15-ஆம் வயதில், பிரான்சு நாட்டின் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தார் அவர். 1896-ல் காசநோயின் அறிகுறி தோன்றியது. அவ்வாண்டுப் பாஸ்காக் காலத்தில், மோட்சம் உண்டோ என்ற ஐயமும் இருளாய்ச் சூழ்ந்தது. அவர் அதனோடு வாதாடவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். அன்றாடக் கடமைகளை முகமலர்ச்சியுடன் செய்தார். 1897-ல், 24-ஆம் வயதில் இறக்கும்வரை அச்சோதனை நீடித்தது.

சோதனை வருவது பாவமன்று. அதற்கு இணங்குவதே பாவம். ஆகவே ஐயம் எழும்போது நாமும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்வோம். கையிலுள்ள சிறு கடமையை அன்புடன் முடிப்போம்.