அப்பத்தாவுக்கு எப்போ குளோசப்?

இன்னிக்கு ராத்திரி வீட்டு ஹாலில் சீரியல் ஓடும்போது ரிமோட்டை வாங்கி மியூட் போடுங்க. (அம்மா திட்டுவாங்க. காலேஜ் அசைன்மென்ட்னு சொல்லிக்கோங்க.) பத்து நிமிஷம் சத்தமே இல்லாமல் பாருங்க. ஒரு வசனமும் கேட்காது. ஆனாலும் யார் மாமியார், யார் மருமகள், யார் சொன்னால் அந்த வீட்டில் நடக்கும், யார் பேச்சு எடுபடாது எல்லாமே புரிஞ்சிடும். நரைமுடியும் மூக்குக்கண்ணாடியும் பாதியைச் சொல்லும். மீதியைக் கேமராதான் சொல்கிறது. எப்படிச் சொல்கிறது என்று பார்ப்போம்.

சீரியலில் வயசு என்பது பிறந்த தேதி இல்லை. ஸ்டார் பிளஸ்ஸில் 2000இல் தொடங்கிய 'க்யூங்கி சாஸ் பி கபி பஹூ தி' தொடரில் துளசியாக வந்த ஸ்மிருதி இரானிக்கு அப்போது 24 வயசு. 2008இல் தொடர் முடிவதற்குள் கதையில் அவர் பாட்டி ஆகிவிட்டார். நிஜத்தில் முப்பதைத் தாண்டி ஒண்ணு ரெண்டு வருஷம், அவ்வளவுதான். நம்ம ஊர் சீரியல்களிலும் அம்மாவாக வருபவருக்கும் மகனாக வருபவருக்கும் பல நேரம் பெரிய வயசு வித்தியாசம் இருக்காது. அதனால் வயசை செட்டில் தயாரிக்க வேண்டியிருக்கிறது. கொண்டை, காட்டன் புடவை, ஓரமாக ரெண்டு நரை. அதுக்கு மேலே லைட், லென்ஸ், கேமராவின் உயரம்.

லைட்டை எடுத்துக்கோங்க. முகச் சுருக்கம் என்பது தோலில் இருக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் ஒவ்வொரு மேடும் பக்கத்துப் பள்ளத்தில் நிழல் போடும், சுருக்கம் கோடு கோடாகத் தெரியும். அதே வெளிச்சத்தைத் துணி வழியாகப் பரப்பி முகத்துக்கு நேராகக் கொடுத்தால் நிழல் போயிடும், சுருக்கமும் போயிடும். கதாநாயகிக்குப் பரவலான நேர் வெளிச்சம், கெட்ட மாமியாருக்குப் பக்கவாட்டு வெளிச்சம். ரெண்டு பேரும் நிற்பது ஒரே ஹால்தான், ஜன்னலும் ஒண்ணுதான். வெளிச்சம் மட்டும் எப்படி ஆளுக்கு ஆள் மாறுது?

இதைவிட முக்கியம் உயரம். இந்தப் பாடத்தில் ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வைக்க முடியும்னா இதை வையுங்க. வயசானவர்கள் சீரியலில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள். கட்டில், சோபா, சாய்வு நாற்காலி, ஊஞ்சல். இளையவர்கள் நிற்பார்கள், நடப்பார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கேமராவை நிற்கிறவர்களின் கண் மட்டத்தில் வைத்தால் உட்கார்ந்திருக்கிற பாட்டியை மேலிருந்து பார்ப்போம். தோள் குறுகும், உச்சந்தலை தெரியும், சுற்றித் தரை தெரியும். 'பாவம்' என்று நமக்குத் தோன்றுவது அங்கேதான். டிரைபாடை ரெண்டு அடி இறக்கினால் அவர் கண்ணும் நம் கண்ணும் சமம். இன்னும் இறக்கி, வைட் லென்ஸ் போட்டு அண்ணாந்து பார்த்தால் அதே பாட்டி வீட்டையே ஆட்டிப்படைக்கிறவர். நடிப்பு மாறவில்லை, வசனம் மாறவில்லை. டிரைபாடின் கால் மட்டும் நீண்டு குறுகியிருக்கிறது.

அடுத்தது ஃபோகஸ். குடும்பமே கூடி நிற்கும் காட்சியில் லென்ஸ் யார் மேல் கூர்மையாக இருக்கிறது, பின்னாடி மங்கலாக இருப்பது யார்? தாத்தா பல நேரம் அந்த மங்கலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஏதாவது குண்டு வெடித்தால் (அதாவது கல்யாணம் நின்றால்) அவருக்கும் ஒரு குளோசப் வரும், அதிர்ச்சியில் வாய் திறக்க. மூணு முறை 'டங் டங் டங்' என்று வெட்டிக் காட்டுகிறார்களே, அந்த வரிசையில் அவரும் ஒருத்தர். அதிர்வதற்குக் குளோசப் உண்டு, முடிவெடுப்பதற்குக் கிடையாது.

இது யாரோ திட்டம் போட்டுச் செய்த சதி என்று நினைக்க வேண்டாம். தினசரித் தொடரில் கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு எபிசோடு எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் லைட்டை மாற்றவோ, கேமராவின் உயரத்தை யோசிக்கவோ நேரம் ஏது? பெரியவர்களை நடுவில் உட்காரவைத்து மற்றவர்களைச் சுற்றி நிறுத்தினால் கல்யாண குரூப் போட்டோ மாதிரி எல்லாரும் ஒரே ஃபிரேமில் அடங்கிவிடுவார்கள். போன தடவை வேலை செய்த அமைப்பையே இந்தத் தடவையும் போடுவது நாம ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கி எழுதுவது மாதிரிதான். எழுத எழுதத் தப்பும் சேர்ந்து காப்பி ஆகும்.

நம்ம வயசுக்காரங்களும் தப்பவில்லை. சீரியல் காலேஜ் பையன் என்றால் கையில் போன், ஸ்லோமோஷனில் பைக், அப்பாவை எதிர்த்து ஒரு வசனம். அரியர் எழுதுகிற ஒருத்தனைக்கூட நான் சீரியலில் பார்த்ததில்லை.

சரி, இதை உடைத்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சன் டிவியில் 2022 முதல் 2024 வரை ஓடிய, திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' எடுத்துக்கோங்க. ஆதி குணசேகரனாக மாரிமுத்து பிரபலமானார். ஆனால் கதையின் முடிச்சு பாம்பே ஞானம் நடித்த அப்பத்தா பட்டம்மாளிடம் இருந்தது. சொத்தில் 40 சதவீதம் அவர் பேரில். மூலையில் இருக்கவேண்டிய கிழவி கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்ததால் கேமரா அவரிடம் போய்த்தான் ஆகணும். விஜய் டிவியின் 'பாக்கியலட்சுமி'யில் வேறு மாதிரி. வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மா, மசாலா வியாபாரம் தொடங்குகிறார், கதையின் மையமே அவர்தான். இந்த ரெண்டையும் என் பேச்சை நம்பிப் பாராட்ட வேண்டாம். பழைய எபிசோடு ஒண்ணைப் போட்டு ஸ்டாப்வாட்சோடு உட்காருங்க. அறுபது தாண்டிய முகத்துக்கு எத்தனை விநாடி குளோசப், அதில் அவர் பேசுவது எத்தனை விநாடி, அதிர்வது எத்தனை விநாடி. மூணு காலம் போட்டு எழுதுங்க. சொத்து வந்த பிறகும் கேமரா மேலிருந்தே பார்க்கிறதா என்பதையும் குறித்துக்கோங்க.

இனி செய்முறை. நம்ம மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர் ஜெயகாந்தன். அவருடைய 'யுகசந்தி' கதையில் கௌரிப் பாட்டி நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் கடலூருக்கு வருகிறார், பேத்தி கீதாவின் கடிதத்தோடு. விதவையான பேத்தி மறுமணம் செய்யப்போகிறாள். வீட்டில் மகன் கொதிக்கிறார். தலை மழித்த, ஆசாரமான, தானும் விதவையான அந்தப் பாட்டி பேத்தி பக்கம் நிற்கிறார். ஒரே மாதிரி அச்சில் வார்த்த பாட்டிகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பாட்டி பிடிபடவே நேரம் எடுக்கும்.

அந்தக் கூடத்துக் காட்சியைப் போனில் ரெண்டு நிமிஷமாக எடுங்க. மகன் நின்று கத்துகிறார், பாட்டி தரையில் உட்கார்ந்திருக்கிறார். கேமரா மகனின் கண் உயரத்தில் தொடங்கலாம், தப்பில்லை. கேள்வி என்னன்னா, பாட்டி மனசு எந்த வினாடியில் முடிவாகிறது, அந்த வினாடியில் போன் எங்கே இருக்கணும்? டிரைபாட் இல்லாட்டி நாலு டெக்ஸ்ட் புக்கை அடுக்கி அது மேலே வையுங்க. ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வாங்க, லென்ஸ் பாட்டியின் கண்ணுக்கு நேரா வரும்வரை. எடுத்ததை வீட்டில் பாட்டி இருந்தால் அவங்களுக்கு மியூட்டில் போட்டுக் காட்டுங்க. என்ன நடக்குதுன்னு அவங்க சொல்லட்டும்.