முழங்கால் வீங்கியது ஏன்?

விளையாட்டு விழாவுக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்த வாரம் அது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடுகளத்தில் சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே வகுப்புக்கு வந்தாள். முழங்கால் சிவந்து வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது.

"டீச்சர், விழுந்த அன்றைக்குக்கூட இவ்வளவு வலி இல்லையே! இப்போது ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

"புண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டது. கிருமிதான் வீங்க வைக்கிறது" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்படியானால் உடம்பு வீங்கவே வீங்காதபடி ஒரு மருந்து இருந்தால் நல்லதுதானே, டீச்சர்?"

மணி அடித்துவிட்டது. "ஆமாம், நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்பு மாணவியரே, அன்று நான் சொன்ன முதல் விடை பாதித் தவறு. இரண்டாவது விடை முழுத் தவறு. மறு வாரமே வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். ஆனால் சரியான விடை 40 நிமிடத்தில் சொல்லி முடிகிற விடை அல்ல. ஆகவே ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் தம் மருத்துவ நூலில் நான்கு அடையாளங்களைச் சேர்த்துச் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கும் அந்த முழங்காலில் இருந்தன. இந்நிலைக்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. இந்த நெருப்பை மூட்டுவது யார் என்பதே கேள்வி. பகைவனா, வீட்டுக்காரனா?

1882ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் மெசினா நகரம். ஈலி மெச்னிகாஃப் என்னும் ரஷ்ய விஞ்ஞானியின் குடும்பத்தார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். அவர் மட்டும் வீட்டில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நட்சத்திர மீனின் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்குஞ்சுகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிபவை. அவற்றின் உள்ளே சில அணுக்கள் இங்குமங்கும் ஊர்ந்து திரிவதைக் கண்டார். "இவை உடலைக் காக்கும் காவலர்களாக இருக்குமோ?" என்ற எண்ணம் மின்னலடித்தது. தோட்டத்துக்குச் சென்றார். சில நாட்களுக்கு முன்புதான் அங்கிருந்த சிறிய ஆரஞ்சு மரம் ஒன்றைக் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். அத்தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்து வந்து குஞ்சுகளின் உடலில் குத்தி வைத்தார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடியற்காலையில் பார்த்தால், ஒவ்வொரு முள்ளையும் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன! அணுக்கள் கிருமியை விழுங்கிக் காக்கின்றன என்னும் கொள்கை அந்த முள்ளில் பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காவலர்கள் இருக்கிறார்கள், சரி. வந்திருப்பது பகைவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? "எதிர்ப்பொருள்கள்" என்று நீங்கள் பாடத்தில் படித்ததைச் சொல்வீர்கள். ஆனால் புதிய கிருமி ஒன்றுக்கு ஏற்ற எதிர்ப்பொருளை உடல் போதிய அளவு ஆக்கி முடிக்க ஒரு வாரமாவது ஆகும். சில பாக்டீரியாக்களோ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிய வல்லவை. தடையில்லாமல் பெருகினால், ஒரே ஒரு பாக்டீரியா எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் ஆகும். (நம்பாதவர்கள் கணக்கு நோட்டை எடுத்து 24 முறை இரட்டித்துப் பாருங்கள்.) ஒரு வாரம் பொறுத்திருக்க முடியுமா?

இந்தப் புதிருக்கு விடை கண்டவர்களில் சிலர் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பூச்சிகளுக்கு எதிர்ப்பொருளே கிடையாது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல் ஹாஃப்மன் மாணவராய் இருந்தபோது, அங்கே வெட்டுக்கிளிகளைக் கீறி உறுப்புகளை மாற்றி வைக்கும் சோதனைகள் நடந்தன. பெரிய தூய்மை ஏற்பாடு ஏதும் இல்லை. ஆயினும் வெட்டுக்கிளிகளின் புண்கள் சீழ் பிடிக்கவில்லை. சீழ் பிடித்திருந்தால் யாராவது காரணம் தேடியிருப்பார்கள். பிடிக்காததற்குக் காரணம் தேட வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் பெரிய விஷயம் என்பேன்.

பின்னர் அவர் குழு பழ ஈயை எடுத்துக்கொண்டது. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தக் குட்டி ஈதான். பூஞ்சை தாக்கினால் அந்த ஈ தன் உடலில் ட்ரோசோமைசின் என்னும் பொருளை ஆக்கிப் பூஞ்சையைக் கொல்கிறது. அதை ஆக்கும்படி கட்டளை பிறப்பது எங்கே? 1996இல் ஹாஃப்மன், லெமைத்ர் ஆகியோரின் குழு விடையை வெளியிட்டது. டோல் என்னும் மரபணு பழுதான ஈக்களால் ட்ரோசோமைசினைப் போதிய அளவு ஆக்க இயலவில்லை. பூஞ்சை தாக்கியதும் அவை சில நாட்களில் மடிந்தன. இறந்த ஈயின் உடல் முழுவதும் பூஞ்சை இழைகள் முளைத்து நிற்கும் படம் புகழ் பெற்றது. (இந்த டோல் நெடுஞ்சாலையில் காசு வாங்கும் டோல் அல்ல. ஜெர்மன் மொழியில் "அபாரம்!" என்று பொருள்படும் சொல். அந்த மரபணுவை ஈக்களின் கருவில் முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்னும் பெண்மணி. 1995இல் நோபல் பரிசு பெற்றவர்.)

மனிதரிடமும் இதுபோன்ற மரபணு உண்டு என்பதை 1997இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெட்ஷிடோவ், ஜேன்வே இருவரும் காட்டினர். நம் அணுக்களின் மேல் காவலன் கண்ணைப்போல் அமைந்த இந்தப் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். மனிதருக்கு டோல் வகை ஏற்பிகள் 10. ஒவ்வொரு கிருமியின் முகத்தையும் இவை நினைவில் வைப்பதில்லை. கிருமிகளிடம் பொதுவாய் இருந்து நம் உடலில் இல்லாத ஓர் அடையாளத்தைத் தேடுகின்றன. ஓர் ஏற்பி பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்தை அறியும். இன்னொன்று வைரஸ்களின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை அறியும். சீருடையைப் பார்த்தே எந்தப் பள்ளிப் பிள்ளை என்று நம் வாயிற்காவலர் சொல்லிவிடுகிறாரே, அதுபோல.

இனி, அந்த முழங்காலுக்குள் செல்வோம். தோல் கிழிந்த இடத்தில் மண்ணோடு பாக்டீரியாக்கள் நுழைகின்றன. தோலுக்கடியில் நிரந்தரமாய்க் குடியிருக்கும் பெருவிழுங்கி அணு ஒன்றின் ஏற்பியில் பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு வந்து ஒட்டுகிறது. உடனே அணுவின் உள்ளே செய்தி ஒரு புரதத்திலிருந்து மற்றொரு புரதத்துக்குக் கைமாறி, உட்கரு வரை ஓடுகிறது. அணு தன்னைச் சுற்றிலும் செய்திப் பொருள்களைக் கொட்டுகிறது. அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அகலமாகின்றன. இரத்தம் மிகுதியாய்ப் பாய்கிறது. சிவப்பும் சூடும் அதனால் வந்தவை. குழாய்ச் சுவரில் இடுக்குகள் திறந்து நீர் வெளியே கசிகிறது, அதுவே வீக்கம். நரம்பு முனைகள் கூர்மையாகிச் சிறு தொடுதலும் வலிக்கிறது. காலை ஊன்றாமல் இருக்கிறோம், புண்ணுக்கும் ஓய்வு கிடைக்கிறது. திறந்த இடுக்குகளின் வழியே வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்து வெளியேறிப் புண்ணை நோக்கி ஊர்கின்றன. வந்து போரிட்டு அங்கேயே மடிகின்றன. சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பகுதி அப்படி மடிந்தவர்கள்தாம்.

ஆக, கிருமி உள்ளே வந்தது உண்மை. நெருப்பை மூட்டியதில் பெரும்பங்கு நம் வீட்டார்.

அந்த வெள்ளை அணுக்கள் எந்த ஆயுதத்தால் கொல்கின்றன? ஆயுதங்கள் பல, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் மைக்கேல் சாஸ்லாஃப் என்னும் மருத்துவர் ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்கத் தவளைகளை அறுத்து முட்டைகளை எடுத்துவிட்டு, தைத்து, மீண்டும் தொட்டியில் விடுவது வழக்கம். தொட்டி நீரில் கிருமிகள் ஏராளம். ஆயினும் தவளைகளின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. மீண்டும் அதே கதை! தவளைத் தோலை ஆராய்ந்து அவர் கண்டெடுத்த இரு பொருள்களை 1987இல் வெளியிட்டார். ஒவ்வொன்றும் 23 அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை. இத்தகைய குறுகிய மாலைகளைப் பெப்டைடுகள் என்பர். எபிரேய மொழியில் கேடயம் என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து அவற்றுக்கு மகைனின் என்று பெயரிட்டார்.

தவளைக்கு மட்டுமல்ல, நமக்கும் உண்டு. 1985இலேயே கலிஃபோர்னியாவில் மனித வெள்ளை அணுக்களிலிருந்து டிஃபென்சின் என்னும் பெப்டைடுகளைப் பிரித்தெடுத்திருந்தனர். நம் வியர்வையில்கூட ஒரு கிருமிக்கொல்லிப் பெப்டைடு இருப்பது 2001இல் தெரியவந்தது. இவற்றுள் பல நேர்மின்னூட்டம் உடையவை. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் மிகுந்தது. ஆகவே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு சவ்வைத் துளைத்துவிடுகின்றன. நம் அணுக்களின் வெளிப்புறம் அவ்வளவு எதிர்மின்னூட்டம் உடையதன்று; ஆகையால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மகைனினை ஒட்டிச் செய்த மருந்து ஒன்று நீரிழிவு நோயாளிகளின் காற்புண்ணுக்காகச் சோதிக்கப்பட்டது. இருக்கிற மருந்தைவிட மேலானது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. 1999இல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்துவிட்டது. தவளைக்குக் கை கொடுத்தது மருந்துக் கடைக்கு எளிதில் வந்துவிடுவதில்லை.

நெருப்பு அடுப்பில் இருக்கும்வரை சமையல், கூரையில் ஏறினால்? கிருமிகளை எதிர்க்கும் முயற்சி கட்டுமீறி உடலின் உறுப்புகளையே பழுதாக்கும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸோடு தொடர்புடைய காரணங்களால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெற்றோர் கவனிக்க: புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலேறினாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வேகமான மூச்சு, மனக் குழப்பம், சிறுநீர் குறைதல் இவற்றில் ஏதேனும் கண்டாலோ, பற்றுப் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அப்படியானால் அந்த ஏற்பியையே மூடிவிட்டால் என்ன? மாணவி கேட்ட இரண்டாவது கேள்வி இதுதான். டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் ஒரு விந்தையான எலி இனத்தை ஆராய்ந்தார். பாக்டீரியாச் சுவரின் நச்சைப் பிற எலிகள் சாகும் அளவு கொடுத்தாலும் அவை சாகவில்லை. 1998இல் காரணம் தெரிந்தது: அவற்றின் நான்காம் டோல் ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. கொடுத்து வைத்த எலிகள் என்று தோன்றுகிறதா? உயிருள்ள சால்மொனெல்லா பாக்டீரியாக்களைச் சிறிதளவு செலுத்தினாலே அவை இறந்துபோயின. காவலனுக்குக் கண் தெரியாததால் மணி அடிக்க ஆளில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2011இல் பாய்ட்லரும், ஹாஃப்மனும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அந்த ஏற்பியை மறைக்கும் மருந்தொன்றைச் செப்சிஸ் நோயாளிகள் ஏறத்தாழ 2000 பேரிடம் சோதித்த முடிவு 2013இல் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களின் இறப்பு குறையவில்லை.

எலியோடு நிற்கவில்லை. ஏற்பியின் செய்தியை அணுவுக்குள் கடத்தும் ஒரு புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். 2003இல் மருத்துவர்கள் இதைக் கண்டறிந்தனர். அக்குழந்தைகளுக்குக் கிருமி தாக்கும்போது காய்ச்சலும் வீக்கமும் பல வேளைகளில் குறைவாகவே தோன்றும், அல்லது தாமதமாகத் தோன்றும். தாய்க்குக் குழந்தை நன்றாய் இருப்பதுபோலவே தெரியும். அதற்குள் கிருமி மூளை உறைவரை பரவிவிடும். அவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்திருக்கிறார்கள். பிழைத்து வளர்ந்தவர்களுக்குப் பதின்ம வயதுக்குப் பின் இத்தாக்குதல்கள் குறைகின்றன. மற்றப் பாதுகாப்புகள் அதற்குள் பயின்றுவிடுகின்றன போலும்.

வீங்கவே வீங்காத உடம்பு எப்படியிருக்கும் என்று கேட்டாயே, மகளே, இப்படித்தான் இருக்கும். உன் முழங்கால் பத்தே நாளில் ஆறிவிட்டது. தொடர் ஓட்டத்தில் நீ இரண்டாவதாக வந்ததையும் பார்த்தேன்.