நவம்பரில் போய்ப் பாருங்கள்

சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊர்களில் தொடர்மாடி வீடு வாங்க நினைப்பவர் பெரும்பாலும் பெப்ரவரியில்தான் போய்ப் பார்க்கிறார். கூரையெல்லாம் பனி, பேக்கரியில் வரிசை, தெருவெல்லாம் சிரித்த முகங்கள். பெர்னீஸ் ஓபர்லாந்து விடுதிக் குசினிகளில் வேலை செய்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஊர்களின் மற்ற முகமும் தெரியும். ஈஸ்டர் முடிந்ததும் பல விடுதிகள் பூட்டிவிடும். நவம்பரில் மழையும் சேறும்தான். கோப்பி குடிக்கத் திறந்த கடையைத் தேட வேண்டும். என் சின்ன வீட்டை வாங்குமுன் அந்த மாதத்தில்தான் போய் நின்றேன். எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, வெயில் எத்தனை மணிக்கு மலைக்குப் பின்னால் போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஆனால் வீட்டைப் பார்க்குமுன் சட்டத்தைப் பாருங்கள். 2012 மார்ச் 11 வாக்கெடுப்பில், இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டிய ஊர்களில் புதிய விடுமுறை வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவடைத்தார்கள். அந்தத் தேதிக்கு முன்பே இருந்த, அல்லது அனுமதி பெற்றிருந்த வீட்டை விடுமுறைக்கும் வைத்திருக்கலாம். பிறகு கட்டியவை பல, அந்த ஊரிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு மட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விலை மலிவாயிருக்கிறதே என்று முற்பணம் கட்டுமுன், காணிப் பதிவேட்டில் என்ன கட்டுப்பாடு எழுதியிருக்கிறது என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். சி அனுமதியோடு இங்கே வாழ்பவருக்கு வாங்கத் தடையில்லை. சுவிஸ் குடியுரிமை இல்லாத லண்டன் மைத்துனரைப் பங்காளியாகச் சேர்த்தால் கன்டோனின் அனுமதி வேண்டும்.

காசு விஷயம் சுருக்கமானது. நாம் ‘பென்ஷன்காசே’ என்று சொல்லும் ஓய்வூதிய நிதியை விடுமுறை வீட்டுக்கு எடுக்க முடியாது. நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்குத்தான். வங்கியும் சாதாரண வீட்டுக்குக் கேட்பதைவிடக் கூடுதலான சொந்தக் காசு கேட்கும்.

எல்லாவற்றிலும் மேலாக நான் சொல்வது, உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை வாங்கி வாசியுங்கள் என்பதுதான். கடைசி ஐந்து வருடத்துக் குறிப்புகளாவது வேண்டும். நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வாசித்தோம். முதலில் பிடித்துப்போன ஒரு கட்டடத்தில், கூரை திருத்தம் ஒவ்வொரு வருடமும் பேசப்பட்டு ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போடப்பட்டிருந்தது. திருத்த வேலைக்கான சேமிப்பு நிதியில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படியொரு நிதி வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதும் இல்லை. அந்தக் கூரைச் செலவில் புதிதாக வாங்குபவரின் பங்கும் வரும். பால்கனியிலிருந்து தெரிந்த மலை அழகுதான், விட்டுவிட்டோம். துணி துவைக்கும் அறையில் யாருக்கு எந்த நாள் என்று மூன்று கூட்டங்களில் சண்டை நடந்ததும் குறிப்பில் இருந்தது. அயலவர் எப்படிப்பட்டவர்கள் என்று தரகர் சொல்லமாட்டார், குறிப்பேடு சொல்லும்.

உயரத்தையும் கேளுங்கள், ஊரின் உயரத்தை மட்டுமல்ல. கிரின்டெல்வால்ட் ஊர் 1,034 மீட்டரில் இருந்தாலும் அதன் சறுக்குத் தளங்கள் 2,000 மீட்டருக்கு மேலே ஏறுகின்றன. தாழ்ந்த குன்றுகளோடு முடிந்துபோகும் ஊர்களில் பனி இனி நம்பத்தக்கதல்ல. கன்டோனின் ஆபத்து வரைபடத்தில் அந்த வீடு சிவப்பிலா நீலத்திலா மஞ்சளிலா என்று பார்ப்பதும் அவசியம். சிவப்பு என்றால் புதிய கட்டடம் எழும்பவே முடியாத இடம். 2025 மே 28 அன்று லோட்சென்டால் பள்ளத்தாக்கில் பனியாறும் பாறையும் சரிந்து பிளாட்டென் கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்தன. அங்கிருந்தவர்களை முன்னரே வெளியேற்றியிருந்ததால்தான் பேரழிவு அத்தோடு நின்றது.

வாடகையால் கடனை அடைக்கலாம் என்று தரகர்கள் கணக்குக் காட்டுவார்கள். நல்ல வாடகை வருவது நத்தார் முதல் புதுவருடம் வரையும், பெப்ரவரிப் பாடசாலை விடுமுறையிலும். உங்கள் பிள்ளைகளுக்கும் அதே கிழமைகளில்தான் லீவு. விருந்தினர் மாறும் ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் சுத்தம் செய்வது? ஆள் பிடித்தால் அதுவும் செலவு. நான் வீட்டை வாடகைக்கு விடுவதில்லை. அந்த வருமானம் இல்லாமலே தவணை கட்ட முடிந்ததால்தான் வாங்கினேன். கட்ட முடியாதென்றால் வாங்காதீர்கள். இதே ஊர்களில் குளிர்காலம் முழுவதற்குமோ வருடக் கணக்கிலோ வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன.