சினை ஆட்டின் வரவு செலவு

பெங்களூருவை ஒட்டிய ஊர் ஆனேக்கல். அங்கே ஒரு அக்கா ஐந்து செம்மறி ஆடுகள் வளர்த்தார். நான்கு ஆடுகள் பன்னூர் இனம். ஒன்று நாரி சுவர்ணா இனம். ஐந்தும் சினை. ஐந்துக்கும் ஒரே அளவு தீவனம்.

குட்டி போட இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நாரி சுவர்ணா ஆடு தீவனத்தைத் தொடவில்லை. மற்ற ஆடுகளை விட்டு ஒதுங்கி நின்றது. கண் தெரியாதது போலத் தடுமாறியது. சுவரில் தலையை முட்டி நின்றது. அக்கா பயந்து போனார். கால்நடை மருத்துவரை அழைத்தார்.

"ஐந்துக்கும் ஒரே மாதிரிதானே போட்டேன் டாக்டர்? இது மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"அதுதாம்மா காரணம். இதன் வயிற்றில் இரண்டு குட்டி. செலவு கூடிவிட்டது. வரவு கூடவில்லை" என்றார் மருத்துவர்.

பன்னூர் ஆடு மண்டியா, மைசூரு பக்கத்து இனம். கறிக்குப் பெயர் பெற்றது. பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். நாரி சுவர்ணா, மகாராஷ்டிர மாநிலம் பல்டன் ஊரில் உருவாக்கிய கலப்பினம். வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்ற சிறிய ஆடு உண்டு. அது இரட்டைக் குட்டி போடும். அந்தக் குணம் நாரி சுவர்ணாவுக்கும் வந்தது.

ஆட்டின் சினைக்காலம் சுமார் ஐந்து மாதம். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அதற்குச் சர்க்கரைச் சத்து வேண்டும்.

இன்சுலின் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறார்களே, அதுதான். 1921ஆம் ஆண்டு கனடா நாட்டில் இதைப் பிரித்தெடுத்தார்கள். ஆட்டின் உடம்பிலும் இன்சுலின் சுரக்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவுகிறது. சினையின் கடைசி நாட்களில் தாயின் உடம்பில் இன்சுலின் முன்போல வேலை செய்யாது. இது நோய் அல்ல. தாய் எடுக்காமல் விட்ட சர்க்கரை குட்டிக்குப் போகிறது. தான் தின்னாமல் பிள்ளைக்குக் கொடுக்கும் தாயைப் போல.

தீவனம் போதாவிட்டால் என்ன ஆகும்? தாயின் உடம்புக் கொழுப்பு கரையும். வரவு குறைந்தால் நாம் சேமிப்பை எடுப்பது போல. கொழுப்பு மிக வேகமாகக் கரைந்தால் ஈரல் தாங்காது. ரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள் கூடும். அது அளவு மீறினால் நஞ்சு. மிகவும் கொழுத்த ஆட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

மருத்துவர் ஊசி போட்டார். வாய் வழியாகவும் மருந்து கொடுத்தார். ஆடு பிழைத்தது. ஆனால் ஒரு குட்டிதான் உயிரோடு பிறந்தது. அந்த இழப்பை அக்கா மறக்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாகக் கவனிக்கிறார்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கடைசி ஆறு வாரம் பசுந்தீவனத்தோடு தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை கொடுங்கள். நாளுக்கு 200 முதல் 250 கிராம் போதும். இரட்டைக் குட்டி என்றால் இன்னும் வேண்டும். மருத்துவரிடம் அளவு கேளுங்கள்.

2. சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் நிறையத் தானியம் போட்டால் வயிறு கெடும்.

3. சினை ஆட்டை ஒரு நாளும் பட்டினி போடாதீர்கள். நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.

4. ஆடு தீவனத்தை விட்டு ஒதுங்கினால் காத்திருக்காதீர்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பேசிப் பார்ப்போம்:

உங்கள் ஊரில் என்ன இன ஆடு வளர்க்கிறார்கள்? அது எத்தனை குட்டி போடும்? எல்லாச் சினை ஆட்டுக்கும் ஒரே அளவு தீவனம் போடுவது சரியா?