விசைப்பலகையும் விரல்களும்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். வெள்ளைத் தாள் ஒன்றில் விசைப்பலகையின் கட்டங்களை மட்டும் வரைந்து, நாள்தோறும் தட்டச்சு செய்யும் நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். பலகையைப் பார்க்காமல், எந்தக் கட்டத்தில் எந்த ஆங்கில எழுத்து வரும் என்று நிரப்பச் சொல்லுங்கள். மளமளவென்று தட்டச்சு செய்பவர்கூடத் திணறுவதைக் காண்பீர்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதே சோதனையைச் செய்து, முடிவை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு எழுபது சொற்களுக்கு மேல் தட்டக்கூடியவர்கள், 26 எழுத்துகளில் சராசரியாக 15 எழுத்துகளுக்குத்தான் சரியான இடத்தைக் குறித்தார்கள்!

அப்படியானால் எழுத்துகளின் இடம் அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த அறிவு வாயால் சொல்லக்கூடிய அறிவு அன்று. மிதிவண்டி ஓட்டுகிறவர் கீழே விழாமல் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்டால் அவரால் விளக்க முடிவதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும். பலமுறை செய்து செய்து பதிந்துபோன இத்தகைய நினைவை உளவியலார் செயல்முறை நினைவு என்பர். நம் விரல்கள் 19 மி.மீ. இடைவெளியை அளந்து வைத்திருக்கின்றன. இத்தனை அழுத்தினால் எழுத்து விழும் என்பதையும் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. இக்கணக்கை நாம் அறிவதே இல்லை. யாராவது பலகையை மாற்றும்போதுதான் அறிகிறோம்.

மடிக்கணினி செய்கிறவர்கள் இந்தப் பலகையை அடிக்கடி மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாங்கியவர்கள் கூச்சல் போட்டிருக்கிறார்கள். சில கூச்சல்கள் சில வாரங்களில் அடங்கிவிட்டன. வேறு சில, பெரிய நிறுவனங்களையே பின்வாங்க வைத்தன. இந்த வேறுபாடு ஏன்? அதை அறிய, விசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

விசைக்கு அடியில்

(தமிழில் பலகையில் உள்ள பொத்தானுக்கும் விசை என்று பெயர், இயற்பியலில் வருவதற்கும் விசை என்று பெயர். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இக்கட்டுரையில் பொத்தானை மட்டும் விசை என்போம். மற்றதைத் தடை, அழுத்தம் என்று இடத்துக்கேற்பச் சொல்வோம்.)

பெரும்பாலான பலகைகளில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் கவிழ்த்த கிண்ணம் போன்ற சிறு ரப்பர்க் கவிகை ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால் கவிகை முதலில் எதிர்த்து நிற்கும். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று மடங்கிவிடும். அந்தக் கணத்தில் தடை திடீரெனக் குறைகிறது. விரல் நுனி உணரும் 'டக்' என்ற உணர்வு இதுதான். இந்த எல்லை பொதுவாக 50 முதல் 70 கிராம் எடைக்குச் சமமாக இருக்கும். மடங்கிய கவிகை, அடியிலுள்ள இரண்டு மெல்லிய தாள்களை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துகிறது. தாள்களில் வரையப்பட்ட மின்கடத்திக் கோடுகள் தொட்டுக்கொள்கின்றன. எந்தக் கிடைக்கோடும் எந்த நெடுக்கோடும் சேர்ந்தன என்பதைக் கொண்டு, இன்ன எழுத்து என்று கணிப்பொறி அறிந்துகொள்கிறது.

மேசைக் கணிப்பொறியின் பலகையில் ஒரு விசை ஏறக்குறைய 4 மி.மீ. கீழே இறங்கும். அதன் அடியில் நீண்ட தண்டு இருக்கும். தண்டு ஒரு குழிக்குள் நேராக இறங்குவதால் விசை சாயாது. மடிக்கணினியில் அதற்கு இடம் ஏது? மின்கலம், சுற்றுப்பலகை, விசைப்பலகை, திரை எல்லாம் சேர்ந்து இரண்டு செ.மீ. உயரத்துக்குள் அடங்க வேண்டும். தண்டைக் குட்டையாக்கினால் விசையின் ஓரத்தை அழுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்து சிக்கிக்கொள்ளும்.

இதற்குக் கண்ட வழி கத்தரி அமைப்பு. மடக்கு முக்காலியின் கால்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கே சென்று, நடுவில் ஆணியால் இணைந்திருக்கும். ஒரு பக்கத்தைக் கீழே அழுத்தினால் மறுபக்கமும் தானே இறங்கும். இதே அமைப்பைச் சிறு பிளாஸ்டிக் துண்டுகளில் செய்து விசைக்கு அடியில் வைத்தார்கள். விசையின் மூலையைத் தொட்டாலும் முழு விசையும் மட்டமாக இறங்கியது. இறங்கும் தூரத்தை 2 மி.மீ.க்கும் கீழே குறைக்க முடிந்தது. எளிய, அழகான தீர்வு.

தூரம் குறைவதால் விரலுக்கு என்ன? வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிக்கிறார். பந்தின் இயக்க ஆற்றல் நீண்ட தூரத்தில் செலவாவதால் கையில் படும் அடி குறைகிறது. இங்கே பந்தின் இடத்தில் இருப்பது விரல். நிற்கும் தூரம் பாதியானால், சராசரித் தடை இரு மடங்காகும். விரலைப் பலகை மட்டுமே நிறுத்துவதில்லை. விரல் நுனிச் சதையும் தசைகளும் அதில் பங்கு கொள்கின்றன. ஆகவே தூரம் எட்டில் ஒரு பங்கானால் வலி எட்டு மடங்கு என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஆனாலும் மேசைப் பலகையில் பழகிய ஒருவர் மெல்லிய பலகைக்கு வந்ததும் 'கல்லில் தட்டுவதுபோல் இருக்கிறது' என்று சொன்னால், அவர் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது.

சூயிங்கம் விசைகள்

1983ஆம் ஆண்டு நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் வீடுகளுக்கென்று பி.சி. ஜூனியர் என்ற கணிப்பொறியை அறிவித்தது. அதன் விசைகள் சிறியவை, தட்டையானவை. ஒன்றுக்கொன்று நடுவில் வெற்றிடம். அமெரிக்கர்கள் சிக்லெட் என்ற சூயிங்கத் துண்டுகளை நினைத்துக்கொண்டு அதற்குச் சிக்லெட் பலகை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்துகள் விசையின்மேல் அச்சிடப்படவில்லை. விசைக்கு மேற்புறம் பலகையில் அச்சிடப்பட்டிருந்தன. விளையாட்டுக்கு ஓர் அட்டை, கணக்குக்கு ஓர் அட்டை என்று மாற்றி மாற்றிப் பொருத்தலாம் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தவர்களின் விரல்கள் இடம் தெரியாமல் தடுமாறின. 1984 ஜூலையில் ஐ.பி.எம். புதிய பலகையை அறிவித்து, முன்பே வாங்கியவர்களுக்கு இலவசமாக மாற்றித் தந்தது. அந்தக் கணிப்பொறி அதற்குப் பின்னும் நிலைக்கவில்லை. 1985இல் உற்பத்தி நின்றது. பலகை ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது; விலையும் அதிகம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இன்று உங்கள் முன்னால் உள்ள மடிக்கணினியைப் பாருங்கள். தட்டையான விசைகள், நடுவில் இடைவெளி! 2006இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக் கணினியில் இத்தோற்றத்தைக் கொண்டுவந்தது. பிறகு ஏறக்குறைய எல்லோரும் பின்பற்றினார்கள். அப்படியானால் மக்கள் வெறுத்தது தோற்றத்தை அன்று. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் இவற்றுக்கு அடியில் கத்தரி அமைப்பு இருந்தது. விசைகளின் அளவும் விரலுக்கு ஏற்றதாக இருந்தது.

அகலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1995இல் ஐ.பி.எம். வெளியிட்ட திங்க்பேட் 701 என்னும் மடிக்கணினி மிகச் சிறியது. முழு அளவுப் பலகை அதற்குள் அடங்காது. ஜான் காரிடிஸ் என்ற பொறியாளர் பலகையை இரண்டு முக்கோணத் துண்டுகளாகப் பிரித்தார். மூடியைத் திறந்தால் இரு துண்டுகளும் வழுக்கி நகர்ந்து, கணினியின் ஓரங்களைத் தாண்டி நீண்டு, ஒரே பலகையாகச் சேர்ந்துகொள்ளும். வண்ணத்துப்பூச்சி என்ற செல்லப்பெயர் அதற்கு. நியூயார்க் நகரின் நவீனக் கலைக் காட்சியகத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் விரைவில் திரைகள் பெரிதாகி, கணினிகள் தாமாகவே அகன்றுவிட்டன. முழுப் பலகை விரிக்காமலே அடங்கியது. தேவை போயிற்று, வண்ணத்துப்பூச்சியும் போயிற்று.

ஒரு துகள் தூசி

அதே பெயர் இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தது, வேறொரு பொருளில். 2015இல் ஆப்பிள் 12 அங்குல மேக்புக்கை வெளியிட்டது. அதன் மிகத் தடித்த இடமே 13.1 மி.மீ.தான். இதற்காகக் கத்தரியை விலக்கி, நடுவில் கீல் வைத்து இருபுறமும் சிறகுபோல் அசையும் வண்ணத்துப்பூச்சி அமைப்பைப் புகுத்தினார்கள். கத்தரியைவிட 40 விழுக்காடு மெல்லியது என்றார்கள். விசை இறங்கும் தூரம் ஏறக்குறைய அரை மி.மீ. ரப்பருக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் கவிகை.

வாங்கியவர்களில் சிலர் பாராட்டினார்கள். விசைகள் துளியும் ஆடவில்லை. பலர் விரல் வலிக்கிறது என்றார்கள். இவ்வளவோடு நின்றிருந்தால் பழகியிருக்கும். நாளாக ஆக வேறு வகைக் குறைகள் வரத் தொடங்கின. ஒருமுறை தட்டினால் எழுத்து இருமுறை விழுந்தது; சில விசைகள் விழவே இல்லை. அரை மி.மீ. இடைவெளியில் ஒரு ரொட்டித் துகளோ மணல் துகளோ புகுந்தால் அதற்கு ஒதுங்க இடம் ஏது? நான்கு மி.மீ. பள்ளத்தில் கிடக்கும் துகள் ஒன்றும் செய்யாது, அரை மி.மீ. பள்ளத்தில் அதுவே பாறை. கணினியை 75 பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றை அடித்துத் துகளை வெளியேற்றும்படி நிறுவனமே வழி சொல்லிக் கொடுத்தது!

ஒரு விசைதானே என்று எண்ணாதீர்கள். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 பலகையில் புள்ளிக்கென்று தனி விசை உண்டு. அந்த ஒன்று வேலைசெய்யாவிட்டால் 'தமிழ் ஆசிரியர் ஊரில் இல்லை' என்பது எப்படி வரும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் ஒரு கட்டுரையாளர், தம் கணினியில் பழுதான எழுத்துகள் விடுபட்ட நிலையிலேயே கட்டுரையை வெளியிட்டார். நீண்ட புகார்க் கடிதம் செய்யாததை அது செய்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பழைய திங்க்பேட் கணினிகளில் அடிப்புறத்துத் திருகாணிகள் சிலவற்றைக் கழற்றினால் பலகை தனியே வந்துவிடும், புதியதைப் பொருத்தலாம். இங்கோ பலகை மேல்மூடியோடு தறையப்பட்டிருந்தது. மின்கலம் அதே மூடியில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு துகள் தூசிக்காகப் பலகை, மூடி, மின்கலம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. என்னைக் கேட்டால், அரை மி.மீ. ஆழத்தைவிட இதுவே பெரிய பிழை. பழுதாகாத பொருளைச் செய்வது கடினம். பழுது பார்க்கக்கூடிய பொருளைச் செய்வது அவ்வளவு கடினம் அன்று.

2018 ஜூனில் நான்காண்டுவரை இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு விசைக்கு அடியில் மெல்லிய சிலிக்கோன் உறை வைத்தார்கள். 2019இல் உட்பொருளை மாற்றினார்கள். கடைசியில் 2019 நவம்பரில் வந்த 16 அங்குலக் கணினியில் கத்தரி அமைப்பே திரும்பியது. தூரம் 1 மி.மீ. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை முடிக்க, தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே, 5 கோடி டாலர் தர 2022இல் நிறுவனம் உடன்பட்டது.

எந்தக் கூச்சல் எது?

2012இல் திங்க்பேட் கணினிகளில் ஏழு வரிசைப் பலகை ஆறு வரிசையாயிற்று. பழகியவர்கள் கொதித்தார்கள். ஆனால் பெரும்பாலோர் பழகிக்கொண்டார்கள். பழையதை மறக்காதவர்களுக்காக 2017இல் ஒரே ஒரு சிறப்புக் கணினி ஏழு வரிசையுடன் வந்தது. 2014இல் அதே நிறுவனம் எக்ஸ்1 கார்பன் கணினியில் மேல்வரிசை விசைகளை எடுத்துவிட்டு, தொட்டால் படம் மாறும் பட்டை ஒன்றை வைத்தது. அது ஓராண்டுதான் தாங்கியது. 2016இல் ஆப்பிளும் அத்தகைய பட்டையை வைத்து, எஸ்கேப் விசையையும் அதற்குள் படமாக்கிவிட்டது. 2019இல் அந்த விசை மீண்டது; பட்டை வைத்த கடைசிக் கணினி 2023இல் விற்பனையிலிருந்து நின்றது.

வரிசை குறைந்தது பழகியது, பட்டை பழகவில்லை. ஏன்? கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பலகையில் எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள். சிறு மேடுகள் தட்டுப்படும். விரல்கள் அவற்றைத் தொட்டுத்தான் தம் இடத்தை அறிகின்றன. இடம் மாறிய விசையை விரல் மீண்டும் கற்றுக்கொள்ளும். வழவழப்பான கண்ணாடியில் கற்றுக்கொள்ள மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒவ்வொரு முறையும் கண்ணால் குனிந்து பார்த்தாக வேண்டும்.

வடிவமைப்பாளர் ஒருவர் இந்தப் புகார்களைப் பிரித்தறிய எளிய அளவுகோல் உண்டு: காலம். பழக்கத்தால் வரும் புகார் நாளுக்கு நாள் தேயும். உண்மைக் குறையால் வரும் புகார் நாளுக்கு நாள் வளரும். முதல் வாரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும் என்பதுதான் சிக்கல்.

செய்து பாருங்கள்

கணிப்பொறியை நிறுத்திவிட்டு, ஒரு விசையின்மேல் சிறிய அழிப்பான் துண்டு ஒன்றை வையுங்கள். அண்டை விசைகளில் அது படக் கூடாது. அதன்மேல் ஐந்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். 2011ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த பித்தளை நிற நாணயம் ஒன்றின் எடை 6 கிராம். நாணயங்கள் சரியாமலிருக்கத் தாளைச் சுருட்டிக் குழாயாக்கிச் சுற்றிப் பிடிக்கலாம். எட்டு, ஒன்பது, பத்து என்று ஏதோ ஒரு நாணயத்தில் விசை மெல்ல அல்ல, ஒரேயடியாக இறங்கும். இப்போது நாணயங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். கடைசியாக வைத்ததை எடுத்தவுடன் விசை எழாது. இன்னும் சிலவற்றை எடுத்த பின்பே எழும். இறங்கியபோது இருந்த எண்ணிக்கையிலிருந்து எழும்போது இருந்த எண்ணிக்கையைக் கழித்து, ஆறால் பெருக்குங்கள். அந்த வேறுபாடு பெரிதாக இருக்கும் பலகையில் 'டக்' என்பது தெளிவாக இருக்கும். வகுப்பில் உள்ள பழைய பலகை, புதிய பலகை, ஆசிரியரின் மடிக்கணினி மூன்றிலும் அளந்து, அட்டவணை போட்டுப் பாருங்கள்.