விதைப்பது நம் வேலை

வேதபாடம்: மாற்கு 4:26–29

புழுதி விதைப்புச் செய்த நமக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தவர்கள் நாம். முளைத்துவிட்டதா என்று தினமும் மண்ணைக் கிளறினால் விதைதான் கெடும். உவமையில் வரும் கமக்காரனும் விதைக்கிறான், உறங்குகிறான், எழும்புகிறான். விதை எப்படி வளர்கிறது என்பது அவனுக்கே தெரியாது. முதலில் முளை, பிறகு கதிர், அதன் பின்பே மணி.

விசுவாசத்தைப் பகிர்வதும் இப்படித்தான். பக்கத்துக் குடிசையில் இருப்பவருக்காகச் செபித்தோம், ஆண்டவரைப் பற்றிச் சொன்னோம், ஒரு மாற்றமும் இல்லையே என்று சலித்துக்கொள்கிறோம். விதைத்த இடத்தை விட்டே இடம்பெயர நேர்ந்தால் எல்லாம் வீண் என்றே தோன்றும்.

வில்லியம் கேரி 1793ஆம் ஆண்டு நவம்பரில் வங்காளத்துக்கு வந்தார். 1794இல் முட்னாபட்டி என்ற ஊரில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்வை செய்யும் வேலை கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயால் இறந்தான். கேரி வங்காள மொழியைக் கற்றார், கிராமங்களில் பேசினார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். ஆனால் அவ்வூரில் வங்காளிகளில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அங்கிருந்து செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே கிருஷ்ண பால் என்ற தச்சரின் தோள்மூட்டு விலகியது. கேரியின் தோழரான வைத்தியர் ஜோன் தோமஸ் அதைச் சரிப்படுத்தினார். 1800 டிசம்பர் 28ஆம் திகதி கிருஷ்ண பால் ஊக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். கேரி வந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னர் கிருஷ்ண பாலும் ஒரு பிரசங்கியானார். பலனற்றது என்று தோன்றிய முட்னாபட்டி ஆண்டுகளின் மொழிபெயர்ப்பு 1801இல் செராம்பூரில் புதிய ஏற்பாடாக அச்சேறியது.

இதிலிருந்து நாம் கற்பவை:

1. நாள் குறிப்பது நம் வேலையல்ல. முளை வரும் காலம் ஆண்டவருடையது.

2. உதவியைத் தூண்டிலாக்கக் கூடாது. நிவாரண அரிசியையோ விதைநெல்லையோ காட்டி ஒருவரைச் சபைக்கு இழுத்தால், அவர் அரிசிக்கு வருவார், அரிசி முடிந்ததும் போவார். நம் சொல்லையும் பிறகு எவரும் நம்பமாட்டார்கள். பசித்தவருக்குப் பசித்தவர் என்பதற்காகவே கொடுப்போம்.

3. கேட்க விரும்பாத அயலவரும் நமக்கு அயலவரே. அவருடைய சமயத்தைப் பழிக்காமல், சுகதுக்கங்களில் கூட நிற்போம். கேட்டால் நம் நம்பிக்கையைத் தயங்காமல் சொல்வோம்.

4. விட்டுவந்த ஊரில் சொன்ன சொல்லும் செய்த நன்மையும் நம்முடன் இடம்பெயரவில்லை. அவை அங்கேயே மண்ணுக்குள் கிடக்கின்றன. அறுவடையை நாம் காணாமல் போகலாம், வேறொருவர் காண்பார்.

குழுவாகக் கலந்துரையாட:

• நம் மனதில் விசுவாசத்தை முதலில் விதைத்தவர் யார்? அதன் பலனை அவர் கண்டாரா?

• பலன் இல்லை என்று நாம் இடையில் கைவிட்டவர் யார்? இந்த வாரம் அவருக்காக என்ன செய்யலாம்?